விட்டுவிடும் கவ்வி

பூர்காவின் இடது கை ஸ்கீ பூட்ஸின் குதிகாலை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையின் கட்டைவிரல் நகம் அடிப்பாகத்தின் முன்விளிம்பில் மெதுவாக ஊர்ந்தது. வழுக்கிக்கொண்டு போகவேண்டிய நகம் ஓரிடத்தில் தட்டி நின்றது. கை பின்வாங்கி மறுபடி அதே வழியில் வந்தது. அதே இடத்தில் நின்றது. விளக்கைக் கீழே இழுத்தபோது தெரிந்தது: கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் அதைவிடக் கறுப்பாக ஒரு ரப்பர்ப் பட்டை. இரண்டு விரல் அகலம். ஓரங்களைச் சீவி, இழைத்து, பூட்ஸோடு பூட்ஸாகச் சேர்த்து ஒட்டியிருந்தது. மோசமாக ஒட்டியிருந்தால் முதல் பார்வையிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

"இத யாரு ஒட்டுனது?" என்று பூர்கா கேட்டாள்.

கதவோரம் நின்றிருந்த கெப்ஹார்ட் கையைத் தூக்கினான். "நான்தான். ட்ராக்டர் டயர்ல வெட்டுனது. வீட்டு முன்னால சரிவு மொத்தமும் பனிக்கட்டி. இவ பூட்ஸ மாட்டிக்கிட்டே நடந்து வருவா. ரெண்டு தடவ பொத்துன்னு விழுந்துட்டா. இது ஒட்டுனதுக்கு அப்புறம் ஒரு தடவகூட விழல."

"எப்ப ஒட்டுன?"

"போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர்ல."

பூர்கா தலையைத் தூக்கினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த கெப்ஹார்டின் மனைவி வெரேனாவைப் பார்த்தாள். வெரேனா தன் வலது முழங்காலை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள். அது அறுவைக்குப் பிறகு வந்த பழக்கம்.

பூர்கா ஃபோன்பாங்க், ஆஸ்திரியாவின் மோண்டஃபோன் பள்ளத்தாக்கில் கேபிள் கார் அடி நிலையத்தை ஒட்டிய கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகைகளைப் பழுது பார்க்கிறவள். அதற்கு முன் ஒரு பண்ணையில் பால் கறக்கும் இயந்திரங்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்தது பலகைகளின் அடியில் மெழுகு தேய்க்கும் வேலைக்குத்தான். பனிக்காலத்தில் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் முழங்கால் பிய்ந்து கீழே இறக்கப்படுவதை அடி நிலையத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர்களுடைய ஸ்கீக்கள் பிறகு அவளுடைய மேசைக்குத்தான் வரும். பாதிக்கு மேற்பட்டவற்றில் பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கும் கவ்வி, ஆள் விழும்போது விடவேண்டியது, விடாமல் இருந்ததைக் கண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தயாரிப்பாளர்களின் கையேடுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தாள். உடைந்த கவ்விகளைப் பிரித்து ஸ்பிரிங்குகளை அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தாள். இன்று அவள் சோதித்துக் கையெழுத்திடாத ஸ்கீயை அந்தக் கடை வெளியே கொடுப்பதில்லை.

அவளிடம் ஒரு தராசு இருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவர் தன் எடையைக் கேட்டால் ஐந்து கிலோ குறைத்துச் சொல்வார். எவ்வளவு நன்றாகச் சறுக்குவீர் என்று கேட்டால் இரண்டு படி கூட்டிச் சொல்வார். கவ்வியின் இறுக்கத்தைக் கணக்கிட இரண்டும் வேண்டும். அதனால் பூர்கா எடையைக் கேட்பதில்லை, நிறுத்துக்கொள்வாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பாள். சறுக்கும் திறமையை ஆண்களிடம் கேட்கமாட்டாள். கூட வந்திருக்கும் மனைவியிடம் கேட்பாள்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை மலை சறுக்குவோருக்குத் திறக்கிறது. வெரேனா சரிவு மீட்புக்காரி. விழுந்து கிடப்பவர்களை அலுமினியச் சறுக்குத் தொட்டிலில் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு இறக்குகிற வேலை. போன பிப்ரவரியில் தொட்டில் இல்லாமல் தனியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே விழுந்தாள். ஸ்கீ கழலவில்லை. கால் ஸ்கீயோடு திரும்பியது, முழங்காலுக்குள் தசைநார் அறுந்தது. பத்து மாதம் வீட்டில் இருந்தாள். இன்னொரு முறை அறுந்தால் வேலையை மறந்துவிடு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வெரேனாவுக்கு நாற்பத்தாறு வயது. வேறு வேலை தெரியாது, செய்யவும் விருப்பமில்லை.

கெப்ஹார்ட் ஒரு பையைத் திறந்து மேசைமேல் வைத்தான். பளபளவென்று சிவப்பில் ஒரு ஜோடி கவ்வி.

"என் தம்பி பையன் பந்தயத்துக்கு வச்சிருந்தது. புதுசு மாதிரி. இதப் போடு, ஒம்பதுல வை."

பூர்கா ஒன்றை எடுத்து இறுக்கம் காட்டும் எண் தட்டைப் பார்த்தாள். எட்டில் ஆரம்பித்துப் பதினெட்டில் முடிந்தது.

"தச்சரே, உன் பொண்டாட்டிக்கு வேண்டியது ஆற ஒட்டி. இது எட்டுக்குக் கீழ இறங்காது. இதக் கட்டி விடுறதும், கால ஸ்கீயோட ஆணியடிக்கிறதும் ஒண்ணுதான்."

"ஆறா? ஆறுல எங்கம்மா சறுக்குவா."

"உங்கம்மா உன்னவிட நல்லாச் சறுக்குனாங்க. ஊருக்கே தெரியும்."

வெரேனா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"பூர்கா, அவன் சொல்றதுல ஒரு விஷயம் இருக்கு. தொட்டில்ல ஆளு இருக்கு, நான் முன்னால பிடிச்சிருக்கேன், கீழ கருங்கல் சரிவு. அங்க என் ஸ்கீ சும்மா கழண்டுச்சுன்னா என் முழங்காலப் பத்தி யாரு கவலப்படப் போறா? தொட்டில்ல படுத்திருக்கிறவன் கதி என்ன?"

"அதுக்கு வர்றேன்," என்றாள் பூர்கா. கேள்வி சரியானது. வெரேனாவின் பழைய ஸ்கீயை மேசையில் பொருத்திய பிடிக்குறட்டில் இறுக்கி, ரப்பர் ஒட்டிய பூட்ஸைப் பழைய கவ்வியில் மாட்டினாள். பூட்ஸுக்குள் கணுக்கால் போல ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, அதன் தலையில் அளவுகோல் வைத்த நீண்ட பிடியைப் பொருத்தினாள்.

"கெப்ஹார்ட், இங்க வா. நீயே இழு. மெதுவா, இடப்பக்கம். முள்ளப் பாத்துக்கிட்டே இழு. எண்ணு ஆறுன்னா அறுபத ஒட்டி விடணும்."

அவன் இழுத்தான். முள் அறுபதைத் தாண்டியது. எண்பதைத் தாண்டியது. நூற்றுப்பத்தில் மேசையே நகர்ந்தது. கவ்வி விடவில்லை.

"ஸ்பிரிங் துருப்பிடிச்சிருக்கும்," என்றான்.

பூர்கா பூட்ஸைக் கழற்றினாள். வேறொரு பூட்ஸ், அதே அளவு, அடிப்பாகம் வழுவழுப்பானது, அலமாரியிலிருந்து எடுத்து அதே கவ்வியில் மாட்டினாள். திருகாணியைத் தொடவில்லை.

"இப்ப இழு."

அறுபத்திரண்டில் டக்கென்று விட்டது. இன்னொரு முறை. அறுபத்தொன்று. இன்னொரு முறை. அறுபத்திரண்டு.

கெப்ஹார்ட் பிடியைக் கீழே வைத்தான். மேசைமேல் கிடந்த தன் மனைவியின் பூட்ஸை எடுத்து, தான் ஒட்டிய பட்டையை விரலால் தடவினான். பனிக்கட்டியில் கால் வழுக்கக்கூடாது என்று ஒட்டியது. கவ்வி விடவேண்டுமானால் அந்த இடம் பக்கவாட்டில் வழுக்கித்தான் ஆகவேண்டும்.

"அப்ப போன பிப்ரவரில..." என்றான்.

இரண்டு பேரும் பூர்காவைப் பார்த்தார்கள்.

"போன பிப்ரவரில என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது," என்றாள் பூர்கா. "நான் அங்க இல்ல. ரப்பர் இல்லாமயே முழங்கால் போனவங்களும் இருக்காங்க. பின்பக்கமா உக்காந்து விழுந்தா எந்தக் கவ்விக்கும் நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா இந்த ரப்பரோட நீ மலைக்குப் போனா, கவ்வி விடாது. அது தெரியும். பொய் சொல்லமாட்டேன்."

வெரேனா எழுந்தாள். கணவனிடமிருந்து பூட்ஸை வாங்கிப் பார்த்தாள்.

"நீ ஒட்டுன, நான் போட்டுக்கிட்டு நடந்தேன்," என்றாள். "வருஷா வருஷம் இவகிட்ட காட்டணும். அந்த வருஷம் பனி சீக்கிரம் வந்துச்சு, நான் காட்டல. அடுத்த வருஷமும் காட்டல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத, கெப்ஹார்ட். திருப்புளிய எடு."

அடிப்பாகம் நான்கு திருகாணிகளில் பூட்ஸோடு சேர்ந்திருந்தது. புது அடி இரண்டு ஜோடி கடையில் இருந்தன. கெப்ஹார்டே பழையதைக் கழற்றினான். தச்சனின் கை. ஒரு திருகாணியில்கூடத் திருப்புளி சறுக்கவில்லை. ரப்பர் ஒட்டிய அடியை அவன் குப்பையில் போடவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பூர்கா பார்த்தும் பாராததுபோல் இருந்தாள்.

அவள் தேர்ந்தெடுத்த கவ்வி சாம்பல் நிறம், பார்வைக்கு எதுவுமில்லை. மூன்றில் தொடங்கிப் பத்தில் முடிவது. வேண்டிய எண் நடுவாக்கில் விழவேண்டும், ஸ்பிரிங் அங்கேதான் ஒழுங்காகப் பேசும் என்பது அவள் கணக்கு. முன்பகுதி பக்கவாட்டில் மட்டுமல்ல, பின்னால் சாய்ந்து விழுந்தால், பழைய கவ்வியைப் போலன்றி, மேல்நோக்கியும் கொஞ்சம் இடம் கொடுக்கும். பழையதைக் கழற்றி, ஸ்கீயின் மேல் துளைக்கு அச்சு வைத்து, நான்கு இடத்தைக் குறித்து, ஆழம் பார்த்துத் துளைத்தாள். தூசியை ஊதினாள். பசை விட்டுத் திருகினாள்.

"உன் கேள்விக்கு வர்றேன்," என்றாள் வெரேனாவிடம். "சும்மா கழலுதுன்னு சொல்லி வர்றவங்க பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு எண்ணு குறைச்சல் இல்ல. குதிகால் கவ்வி பூட்ஸ முன்னால தள்ளிப் பிடிக்கணும். அந்தத் தள்ளு சரியில்லன்னா ஸ்கீ வளையறப்ப கழலும். இல்லாட்டி பூட்ஸ் அடியில பனி ஒட்டியிருக்கும். அவங்க உடனே எண்ணத் திருகி ஏத்துவாங்க. வியாதி ஒண்ணு, மருந்து வேற. நீ மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவயும் அடியச் சுரண்டணும். தொட்டிலு காத்திருந்தாலும் சுரண்டணும்."

"சுரண்டுறேன்."

"நான் நம்பமாட்டேன். கெப்ஹார்ட் நம்புவானா?"

"இவ சொன்னா செய்வா," என்றான் அவன். இந்த முறை அவன் குரலில் சண்டை இல்லை.

பூர்கா குதிகால் கவ்வியை அரை மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினாள். தள்ளு காட்டும் கோடு குறிக்குள் வந்தது. எண்ணை ஆறில் வைத்தாள். இடம் மூன்று முறை, வலம் மூன்று முறை இழுத்தாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. வலப்பக்கம் ஐம்பத்தெட்டு, அறுபது, ஐம்பத்தெட்டு. மற்றவற்றோடு ஒட்டாத அந்த அறுபது அவளுக்குப் பிடிக்கவில்லை. கழற்றி, துடைத்து, மீண்டும் மூன்று முறை இழுத்தாள். மூன்றும் ஐம்பத்தெட்டு. பிறகு குதிகாலை முன்னோக்கி இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது ஸ்கீக்கும் அதே வரிசை. யாரும் கேட்காமலே கெப்ஹார்ட் முள்ளைப் படித்துச் சொன்னான், அவள் எழுதினாள்.

முடித்தபோது கடைசி கேபிள் கார் ஊழியர்களை இறக்கிக்கொண்டிருந்தது. பூர்கா இரண்டு ஸ்கீக்களின் பக்கங்களையும் துடைத்துவிட்டுச் சீட்டில் தன் கையெழுத்தைப் போட்டாள். சீட்டில் எடைக்கான இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு, வெரேனாவிடம் மற்ற எண்களைக் காட்டினாள்.

"இந்த ஆற யாராவது மாத்துனா, அது யாரா இருந்தாலும், இந்தக் கையெழுத்து செல்லாது."

"யாரும் மாத்தமாட்டாங்க," என்று வெரேனா சொன்னாள். பூர்காவின் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்திட்டாள். கெப்ஹார்ட் ஸ்கீக்களை எடுக்கக் கை நீட்டினான். வெரேனா அவன் கையை மெல்ல ஒதுக்கினாள்.

பூர்கா இரண்டு ஸ்கீக்களையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்து அவளிடம் நீட்டினாள். வெரேனா வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.