அந்தோணியாருக்கு நேர்ந்த இனிப்பு ரொட்டி

விழுப்புரத்தில் எங்கள் தெருவிலே ரொட்டி சுடத் தெரிந்தவள் இருதயமேரி ஒருத்திதான். சிறு வயதிலேயே ரயில்வே குவார்ட்டர்ஸில் சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்திய கார்டு ஒருவர் வீட்டுக்கு வேலைக்குப் போனவள். அந்த வீட்டு துரைசானி சுடுகிற கேக்கு, பிஸ்கட்டு, இனிப்பு ரொட்டி எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள். கல்யாணமான பிறகும் அந்த வீட்டு வேலையை அவள் விடவில்லை.

அவள் புருஷன் சவுரிராயன் ரங்கூனில் மூட்டை தூக்கப் போயிருந்தான். அங்கே குண்டு விழுந்த சேதி வந்தபோது, அவன் உயிரோடு திரும்பினால் தன் கையால் சுட்ட இனிப்பு ரொட்டியை ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலில் எல்லோருக்கும் கொடுப்பதாக அவள் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள்.

அவன் திரும்பினான். காடும் மலையும் நடந்து வந்தவனை, அடுத்த ஆடி மாதம் யாரோ இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். சாயங்காலமானால் காய்ச்சல் வந்துவிடும். அதையாவது பொறுக்கலாம், சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி வைத்தாலும் கருவாடு வைத்தாலும் ஒரு வாய் மென்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவான்.

"இன்னா தின்னாலும் மண்ணு மாரி கீது, மேரி. நாக்கு செத்துப்போச்சு."

உடம்பு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனது. எதிர்வீட்டு சவுரியம்மாள் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "நேந்துகினது நெனப்பு கீதாடி? சாமி கடன வெச்சிகினு இன்னா குடுத்தாலும் ஒடம்புல ஒட்டுமா?" என்றாள். இருதயமேரிக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான்.

சண்டைக் காலம், மைதா கிடைக்கவில்லை. துரைசானி கொஞ்சம் கொடுத்தாள். போதாததற்குக் கேப்பை மாவைக் கலந்து, சர்க்கரைக்குப் பதில் பனைவெல்லம் போட்டாள். மாவு பொங்கக் கள் ஊற்றினாள். வழக்கமாகப் பொழுது சாய்ந்த பிறகுதான் பிசைவாள். ஆனால் காய்ச்சல் ஏறிவிட்டால் அவனை விட்டு நகர முடியாது. அதனால் திங்கட்கிழமை காலையிலேயே பிசைந்து மூடிவைத்தாள். அன்று வெயில் கொளுத்தியது.

மற்ற நாளாக இருந்தால் மாவை ஒரு துளி கிள்ளி வாயில் வைத்துப் பார்த்திருப்பாள். நேர்ந்த பண்டத்தைச் சாமியார் ஜெபித்து மந்திரிக்குமுன் வாயில் வைத்தால் எச்சில் என்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். அவள் வைக்கவில்லை. செவ்வாய் விடியற்காலையில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ரொட்டிகளை அடுக்கி, கீழே நெருப்பும் மேலே தணலுமாகச் சுட்டெடுத்தாள். நிறம் நன்றாகத்தான் வந்திருந்தது.

கோயிலில் பூசை முடிந்து சாமியார் ரொட்டிக் கூடைமேல் தீர்த்தம் தெளித்தார். சனங்கள் கைநீட்டி வாங்கினார்கள். முதலில் கடித்த எங்கள் தெருச் சின்னபொண்ணுவின் கண்கள் சுருங்கின. அடுத்தவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். மந்திரித்த ரொட்டியைத் துப்பவும் கூடாது, கீழே போடவும் கூடாது. எல்லோரும் கஷ்டப்பட்டு விழுங்கினார்கள். கூடையைப் பிடித்தபடி இருதயமேரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் சவுரியம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஏன்டி, ரொட்டி நேந்துகினியா, புளிச்ச கூழு நேந்துகினியா?"

"வாயில வெச்சிப் பாக்கல, யக்கா."

"அந்தோணியாரு சொரூபமா நின்னதால தப்பிச்சாரு, போ!"

மற்றவர்கள் சிரித்தார்கள். இருதயமேரி மீதி ரொட்டியோடு வீட்டுக்கு வந்து, கூடையை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மாவு புளிச்சி மீறிப்போச்சு. சாமிக்குப் போயி கெட்டதக் குடுத்துட்டேன். இனி மாவுக்கு எங்க போவேன்? என்னால முடியலய்யா."

சவுரிராயன் படுத்தபடியே கையை நீட்டி ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தான். அவன் தள்ளிவிடுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் மென்றான். மறுபடியும் கடித்தான்.

"புளிக்குது."

"தெரியும். வெச்சிடு."

"அது இல்ல, மேரி. எனுக்குப் புளிப்பு தெரியுதுன்றேன்."

முழு ரொட்டியையும் தின்றுவிட்டு, மார்பில் உதிர்ந்திருந்ததையும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டான். இன்னொன்று எடுத்தான்.

"நாளைக்கும் இதே மாரி சுடேன்."

கடன் தீர்ந்ததா இல்லையா என்று கோயில் உபதேசியாரைக் கேட்க வேண்டும் என்றுதான் அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். இப்போது எழுந்திருக்க முடியவில்லை. முந்தானையை விரித்து அங்கேயே சாய்ந்தாள்.

"மெதுவாத் தின்னு. தண்ணி பக்கத்துல கீது," என்றாள். அவன் மெல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள்.