பப்லுவின் இடது கண்

பப்லுவின் இடது கண் குழியை விட்டு வெளியே வந்து கன்னத்தின் மேல் நின்றதைப் பார்த்த நொடியில் எனக்கு வந்தது பயம்கூட இல்லை. உடனே உள்ளே தள்ளிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றியது. விரலை நீட்டிவிட்டேன். வீட்டுக்கார அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "தொடாதீங்க டீச்சர்! டாக்டரக் கேட்டுக்கலாமுங்க."

ராசிபுரத்தில் அவர் வீட்டு மாடியில் அப்போது குடியிருந்தேன். பப்லு என்னுடைய பக் நாய். முண்டைக்கண், சப்பை மூக்கு. அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. படியெல்லாம் முடி, கோலத்தை மிதிக்கிறது என்று தினமும் ஒரு புகார். பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, ‘அந்தச் சனியன்’தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, திறந்துகிடந்த கேட் வழியாக ஒரு தெருநாய் புகுந்து பப்லுவின் பிடரியைக் கவ்வி உதறியது. அலறல் கேட்டு நான் இறங்கி ஓடிவருவதற்குள் அக்காவே துடைப்பத்தால் அடித்து அதை விரட்டியிருந்தார்.

அவருடைய பால்மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டதும் அவர்தான். உள்ளே தள்ளக் கூடாது, காயவிடக் கூடாது, பிறாண்ட விடக் கூடாது, உடனே நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் சொன்னதையெல்லாம் எனக்குக் கேட்க உரக்கத் திருப்பிச் சொன்னார். காய்ச்சி ஆறிய தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்துக் கண்ணின் மேல் போர்த்தினார். வாடகைக் காரில் பப்லுவை மடியில் கிடத்தி, முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு, துணி காயக் காயத் தண்ணீர் விட்டபடியே வந்தார். "அசையாத சாமி. ஆச்சு, வந்துட்டோம் சாமி." முந்தின நாள் வரை சனியன். எனக்கு எதுவும் விளங்கவில்லை.

புதுச்சத்திரம் தாண்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கேட்டுக்குக் கொண்டி போட்டேன்னுதானுங்க நெனச்சேன். மறந்துட்டேனாட்ட இருக்குதுங்க."

காலையில் மாவு வாங்கப் போய், இரண்டு கையிலும் பையோடு திரும்பி, கேட்டைக் காலால் தள்ளிவிட்டு மாடி ஏறியவள் நான். கொண்டி போட்டேனா? எவ்வளவு யோசித்தும் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். "பரவாயில்லைங்கக்கா" என்றேன், ஏதோ அவரை மன்னிக்கிறவள் போல.

மயக்க மருந்து கொடுத்து, கண்ணை உள்ளே வைத்து, இமைகளைச் சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். நான் பள்ளிக்கூடம் போன நேரமெல்லாம் அக்காதான் தையலின் ஓரத்து இடைவெளியில் சொட்டு மருந்து விட்டார். மூன்று வாரம் கழித்துத் தையல் பிரித்தபோது கண் தங்கியிருந்தது, பார்வை இல்லை. அக்கா ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதார். நாய்க்காக அழுதாரா, கேட்டை நினைத்து அழுதாரா? அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

மாற்றலாகிச் சேலம் புறப்பட்ட அன்று பப்லுவைத் தூக்கி என் மடியில் வைத்தார். "இந்தப் பக்கமாத் தொட்டா பயந்துக்குதுங்க. பேசிக்கிட்டே தொடுங்க." நாலு வருஷம் வளர்த்த நான் கவனிக்காததை அவர் மூன்று மாதத்தில் கவனித்திருந்தார்.

இப்போது சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். பப்லு கிழமாகிவிட்டது. அந்தக் கண் சரியாக மூடாததால் காய்ந்துபோகாமலிருக்க இன்றும் சொட்டு மருந்து உண்டு. அக்கா அவ்வப்போது போன் செய்து விசாரிப்பார். போன மாதம் பேசியபோது எப்படியோ சொல்லிவிட்டேன்: "அக்கா, அன்னைக்குக் கேட்டைச் சரியாச் சாத்தாம வந்தது நானாக்கூட இருக்கும்."

அக்கா சொன்னார்:

"நீங்க மாவு வாங்கிட்டு வந்ததுக்கப்புறம் நான் குப்பை கொட்டப் போனனாட்ட ஒரு ஞாபகமுங்க. போகலையாட்டவும் இருக்குது. எனக்கும் நெசமாத் தெரியலீங்க டீச்சர். இத்தன வருசமா யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன்."

பாரம் இறங்கியதா, இரண்டு மடங்கானதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அவரே கேட்டார்.

"இன்னைக்கு மருந்து உட்டாச்சுங்களா?"

"இன்னும் இல்லைங்கக்கா."

"அப்ப மொதல்ல போயி உடுங்க."