துணிக்கூரை

"வீட்டு உரிமையாளரின் மின்சிக்கன மேம்பாடுகளுக்கு முழு ஒத்துழைப்பு நல்கிய வாடகைதாரர்." மேல்மாடித் தையல்காரியைப் பற்றி மின்சிக்கனத் துறை எழுதிவைத்திருந்த வரி இது. தன் தையல் மெஷினோடுகூட ஒத்துப்போகாதவள் அவள். உரிமையாளர் அவளுடைய அக்கா புருஷன். அவர் செய்த மேம்பாடு, மாடிப்படியில் ஒரு பல்பை மாற்றியது.

மேல்மாடி சுத்த அடுப்பு. மத்தியானத்தில் இஸ்திரிப்பெட்டி தேவையில்லை, துணியைத் தரையில் போட்டாலே மடிப்பு விழும் என்பாள். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்துத் தரக் கேட்டாள்.

"கரண்ட் பில்லு கட்டுறவ நீ. நான் எதுக்கும்மா பூசணும்?" என்றார் அத்தான்.

நியாயத்தில் ஓட்டையே இல்லை. அதனால்தான் அவளுக்கு ஆத்திரம்.

வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, கம்பி கட்டி, மொட்டைமாடி முழுக்க நிழலாக விரித்தாள். அறை குளிர்ந்தது. மின்விசிறிக்குப் பாதி நாள் ஓய்வு. பில் இறங்கியதைப் பார்த்த துறை, உரிமையாளருக்குச் சான்று தர முன்வந்தது. சான்று பெற்ற வீட்டுக்கு வாடகையை ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினால் அவள் காலி செய்யவேண்டியதுதான்.

"அது என் துணி, அத்தான்."

"கூரை யாருது?"

"அப்ப கூரைக்கு மட்டும் வாடகை வாங்குங்க. என் நிழலுக்கு எதுக்கு?"

"ஊருக்கெல்லாம் தைக்கிறே, முதல்ல உன் வாயைத் தைச்சிருக்கணும்."

"நூல் வேஸ்ட்டு. உங்க வாய்க்குத்தான் அவசரம்."

அக்கா சமாதானத்துக்கு மேலே வந்தாள். "விட்டுக்கொடுத்துப் போயேன்டி. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரும் ஒரு மத்தியானம் இங்க வந்து உக்காரட்டும். அப்புறம் சொல்லட்டும்."

அக்கா கீழே போய்ப் புருஷன் பக்கம் சேர்ந்துகொண்டாள். அவள் எப்போதும் இருந்தது அங்கேதான்.

சோதனைக்கு வந்த அதிகாரி, அறைக்கூரையில் வெப்பமானியைக் காட்டினார். இரண்டாவது முறையும் காட்டினார். பிறகு கைக்குட்டையை எடுத்தார்.

"இதுல மேம்பாடு எங்க சார்?"

அத்தான் கொழுந்தியாளைப் பார்த்தார். அவள் இருவருக்கும் நாற்காலி போட்டு, "உக்காருங்க, நல்லா வேகும்" என்றாள்.

சான்று கிடைக்கவில்லை. வாடகையும் ஏறவில்லை. அவள் இன்றும் அதே மாடியில்தான் இருக்கிறாள்; கீழ்வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

சோதனைக்கு முந்தின நாள் காலையிலேயே அவள் மொட்டைமாடி நிழல்துணியைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, மடித்து, கட்டிலடியில் தள்ளிவிட்டிருந்தாள்.