மேற்குச் சுவரில் ஓர் ஓட்டை

எங்கள் வீட்டுச் சுவருக்கான சாமான் லாரியில் வந்து இறங்கிய காலையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. கட்டுக்கட்டாக சிமெண்ட் ஷீட், அதற்கு மேல் வெள்ளை வெளேரென்று தெர்மோகோல் பலகைகள். லாரிக்காரர் ஒரு பலகையை ஒற்றைக் கையால் தூக்கி இறக்கினார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் என் தம்பியின் கடலை வயலில் போட்டது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினேன். ஐம்பதைத் தாண்டிய பொம்பிளை வரப்பில் ஓடுவதைப் பார்த்து லாரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டுமே! என் வீட்டுச் சுவர் பறந்து போகிறது, நான் ஓடாமல் வேறு யார் ஓடுவது?

இது நடந்தது எழுபதுகளின் நடுவில். என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில், கப்பலேறும் இறாலை உறைய வைக்கும் கம்பெனி ஒன்றில் குளிர் அறை கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளியே வெயில் எப்படிக் கொதித்தாலும் உள்ளே துளி சூடு நுழையக் கூடாது, அதுதான் அவர் பிழைப்பு. “கதவைச் சாத்து, குளுமை போயிரும்” என்று அங்கே கத்திக் கத்திப் பழகி, வீட்டில் நான் பீரோவைத் திறந்தாலும் அதையே சொல்வார்.

காரைக்குடிப் பக்கம், கல்லல் ஊருக்குக் கொஞ்சம் முன்னால், ரயில் பாதையை ஒட்டி, பிறந்த வீட்டுப் பங்காக எனக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. பக்கத்து வயலில் என் தம்பி விவசாயம். ஓய்வு பெற்றதும் அங்கே போய் நம் கையாலேயே வீடு கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தோம். எப்படிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் பாடு. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: அடுப்புக்கு நேர் எதிரே ஒரு சன்னல். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. எந்த வீட்டுச் சொந்தக்காரனும் சமையல்கட்டை ஒரு பொருட்டாக நினைத்துக் கட்டியதில்லை. கரி பிடித்த சுவரைப் பார்த்தே என் ஆயுசில் பாதியைச் சமைத்துத் தீர்த்துவிட்டேன். சொந்த வீட்டிலாவது குழம்பு கொதிக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் ரயில் தெரிய வேண்டும்.

அவர் பேப்பரில் வீட்டை வரைந்து காட்டினார். ரயில் பாதை மேற்கே. சமையலறையும் மேற்கே. மேற்குச் சுவரில் ஒன்றுமே இல்லை. மேலே மட்டும் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம். அதுவும் திறக்காது.

“சன்னல் எங்கங்க?”

“கூடத்துல வடக்க ரெண்டு வச்சிருக்கேன்ல. மேக்க வச்சா சாயங்கால வெயில் பூரா உள்ள வந்திரும். காரைக்குடியில பெரிய பெரிய வீடெல்லாம் எம்புட்டுக் கனத்துச் சுவரு! அந்தக் குளுமையை நான் அரைச் சாண் சுவருல கொண்டாந்து காட்டுறேன், பாரு. குளிர் அறைக்கு யாராச்சும் சன்னல் வைப்பாகளா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “நான் என்ன இறாலா, பெட்டிக்குள்ள வச்சு மூடுறதுக்கு?”

கூட இருந்த தம்பி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். அவர் பிடித்த பிடியை விடவில்லை. நானும் விடவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே வேலைக்கு இறங்கினோம். வேலை அப்படிப்பட்ட வேலை! கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

மரச்சட்டம் அடித்து, நடுவில் தெர்மோகோலை அடைத்து, இரண்டு பக்கமும் ஷீட்டை ஒட்டினால் ஒரு சுவர்த் துண்டு தயார். முதல் துண்டுக்கு, சீக்கிரம் காயும் என்று நானே காரைக்குடிக் கடையில் ரப்பர் பசை வாங்கி வந்தேன். தடவிவிட்டு ஒரு வாய் காப்பி குடித்துத் திரும்புவதற்குள் பசை தெர்மோகோலைத் தின்றுவிட்டது! குழி குழியாகக் கரைந்து கிடந்தது. அவர் திட்டுவார் என்று பார்த்தால், குந்தி உட்கார்ந்து சிரிக்கிறார். “நானும் புதுசுல இதே கூத்தைத்தான் அடிச்சேன்” என்றார். அதன் பிறகு தார்தான். அதையும் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டுத் தடவ வேண்டும். பாயசத்துக்குப் பதம் பார்த்த கைக்கு அது ஒரு பெரிய காரியமா? தார்ப் பதம் என் பொறுப்பாயிற்று.

ஒட்டிய துண்டு பிரியாமல் இருக்க மேலே பாரம் ஏற்ற வேண்டும். அதற்குத் தம்பி வீட்டு நெல் மூட்டைகள். களத்தில் சுவரைப் படுக்கப் போட்டு, அதன் மேல் மூட்டையை அடுக்கினோம். பாதையோடு போகிறவர்கள் நின்று, “என்னப்பா, இந்த வருசம் வெள்ளாமை வைக்க இடமில்லையா?” என்று கேட்டார்கள். “எங்கக்கா வீடு அடியில கெடக்குது” என்பான் தம்பி. அவர்கள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

செம்புறாங்கல் அடித்தளத்தின் மேல் சுவர்கள் எழுந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நான்கு பேர் தூக்கி நிமிர்த்த, ஒரு சுவர் நின்றது. அடுத்த சுவர் வந்து அதோடு பொருந்தியது. காலையில் வெறும் தரை, மதியம் சோற்றுக்கு உட்காரும்போது அறை! ஐயோ, நான் அந்த அறைக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். பார்க்க வந்த ஒவ்வொருவரும் விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார்கள். டொக், டொக். “இது நிக்குமா?” என்றார்கள். நான் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து, “நீங்களும் சாஞ்சு பாருங்க” என்றேன். வீடு என்னுடையது ஆகிவிட்டது. அந்தச் சன்னல் மட்டும்தான் இல்லை. மேற்குச் சுவரை நிமிர்த்தும்போது நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

வைகாசியில் புதுமனைப் புகுவிழா. கூடத்தில் ஐயர் ஹோமம் வளர்க்க, அது முடியும் தறுவாயில் நான் சமையலறையில் பால் காய்ச்ச வேண்டும். அன்றாடச் சமையலுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். ஆனால் பால் காய்ச்ச ஸ்டவ்வா? மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டினேன். புதுப்பானையில் பால் ஏற்றினேன். அது பொங்கி வழிய வேண்டும். வழியாமல் இறக்கினால் அந்த வீடு விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான். வாழ்நாளில் முதல் சொந்த வீடு, அந்தப் பால் பொங்கித்தான் ஆக வேண்டும்.

வெளியே காலை வெயிலே சுள்ளென்று அடித்தது. உள்ளே வந்தவர்கள், “அட, குளுகுளுன்னு இருக்கே!” என்றார்கள். அவ்வளவுதான், என் வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. “கதவைச் சாத்துங்க, சன்னலைச் சாத்துங்க! அப்பத்தான் தெரியும்” என்று கூவிக்கொண்டே எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தினார். கதவுக்கு ஓரத்தில் ரப்பர் பட்டை வேறு. எறும்பு நுழைய இடமில்லை.

ஐயர் நெய்யை ஊற்றினார். புகை எழுந்தது. போக வழி தெரியாமல் கூரையில் முட்டிக் கீழே இறங்கியது. மந்திரம் இருமலாக மாறியது. குழந்தைகள் வீறிட்டார்கள். “ஆத்தாடி, கண்ணு தெரியலையே!” என்று யாரோ கதவைத் தள்ள, ஹோமத்தைத் தவிர மொத்தக் கூட்டமும் வாசலுக்கு ஓடியது. கூடத்துப் புகையாவது கதவு வழியாக வெளியே போனது. சமையலறைப் புகைக்குப் போக்கிடமே இல்லை. நான் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். பால் இன்னும் சூடே ஏறவில்லை.

அவர் இருமிக்கொண்டே வந்து கையைப் பிடித்தார். “வெளிய வா! செத்துக்கித்துப் போயிராத!”

“வரமாட்டேன். பால் பொங்காம இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன். நீங்க போங்க.”

“அடுப்பை அணைச்சிட்டு அப்புறம் மூட்டிக்கலாம்.”

“அணைச்சீகன்னா நான் இந்த வீட்டுல குடியிருக்க மாட்டேன். சத்தியமா!”

என் முகத்தைப் பார்த்தார். வெளியே ஓடிவிட்டார். போகட்டும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு விறகைத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சுவரில் வெளியிலிருந்து சத்தம். டொக், டொக்.

“எந்த எடத்துல வேணும்?” சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கத்துவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது மாதிரி கேட்டது. “தட்டிக் காட்டு!”

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் கரண்டியை எடுத்து, என் கண் மட்டத்தில், நான் மனதுக்குள் எப்போதோ குறித்து வைத்திருந்த நாலு மூலையிலும் தட்டினேன்.

“இம்புட்டுப் பெருசா?”

“ஆமா! ரயிலு தெரியணும்!”

உளி முனை ஒன்று சுவரைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்த்தது. அடுத்து ரம்பம். கரகரவென்று இறங்கியது. வெள்ளை மணிகள் பொரி இறைத்த மாதிரி தரையெல்லாம் சிதறின. நான் பானைக்குமேல் குனிந்து, ஒரு மணிகூட விழாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டேன். கடைசி ஓரம் அறுபட்டதும் தம்பி அந்தத் துண்டை வெளியே இழுத்தான். புகை மொத்தமும் என்னைத் தாண்டி வெளியே பாய்ந்தது. சுவரில் வானம் தெரிந்தது. தண்டவாளம் தெரிந்தது. நடுவில், தலையெல்லாம் தெர்மோகோல் மணியோடு, கண் சிவந்து, என் வீட்டுக்காரர் முகம்.

அந்த நேரத்தில் பால் பொங்கியது. நுரை எழும்பி, பானையின் விளிம்பைத் தாண்டி, அடுப்பில் வழிந்து சுரீரென்றது. வாசலில் பெண்கள் குலவையிட்டார்கள். நான் சிரித்தேனா அழுதேனா, தெரியாது. புகையில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

முதல் டம்ளர் பாலைச் சாமிக்கு வைத்தேன். அடுத்த டம்ளரைச் சன்னல் வழியாக அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, கையை ஓட்டைக்குள் விட்டு, காற்றைத் தடவிப் பார்த்தார்.

“சூடு உள்ள வருதா?” என்றார்.

“வருதுங்க.”

“வரட்டும்” என்றார்.