மின்விசிறிக்குத் தடை விதித்த விமானி

எடை முத்திரை அதிகாரி வருகிறார் என்றால் கடைத்தெருவே நடுங்கும். தராசை அவர் ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும், நியாயமான கடைக்காரருக்கே வியர்த்துவிடும். அப்பேர்ப்பட்டவருக்கு ஊர் வைத்த பெயர் 'ஒரு கிராம்'. வீட்டுக்குள் பறக்கவிடுவதற்கென்று அவர் செய்யும் குட்டி விமானங்கள்தான் காரணம். ஒரு கிராமுக்கு மேல் போனால் அதை விமானம் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார், லாரி என்பார்.

ஈர்க்குச்சி பருமனில் மரச்சட்டம், அதன்மேல் வெங்காயச் சருகே வெட்கப்படும்படி ஒரு மெல்லிய தாள், வயிற்றுக்கடியில் முறுக்கிய ரப்பர், மூக்கில் காற்றாடி. ரப்பர் பிரியப் பிரிய அது கூடத்தில் ஆடி அசைந்து வட்டமடிக்கும். தவழும் குழந்தைகூட அதை முந்திவிடும். "ஏன் சார், அதுக்கு ஒரு பேர் எழுதக் கூடாதா?" என்று யாரோ கேட்டதற்கு, "மையோட எடையை யார் தூக்குறது?" என்றாராம்.

இவ்வளவு லேசான சாமானுக்குக் காற்றுதான் யமன். ஆகவே அந்த வீட்டில் மின்விசிறி போடக் கூடாது. கதவைச் சட்டென்று திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் தெருமுனைக்குப் போய்த் தும்மிவிட்டு வரவேண்டும். பெருமூச்சு விட மனைவிக்குச் சமையலறை ஜன்னல் ஒதுக்கப்பட்டிருந்தது. அவள் அங்கே நின்று விட்ட மூச்சில் எதிர்வீட்டுத் துணியெல்லாம் நொடியில் காய்ந்தது.

ஆண்டுதோறும் பள்ளி உள்விளையாட்டு அரங்கில் போட்டி நடக்கும். யாருடைய விமானம் அதிக நேரம் அந்தரத்தில் நிற்கிறதோ அவருக்குக் கோப்பை. அது தவறாமல் போய்ச் சேர்ந்த இடம், மனைவியின் தம்பி வீடு. அவன் ரொட்டி சுடுகிறவன். தலைக்குமேல் ராட்சத ஃபேன் சுழல, மாவுக் கையோடு விமானம் ஒட்டுகிற பிரகிருதி.

இந்தக் கோடையில் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இதோ பாருங்க, ஜெயிச்சா ஆயுசுக்கும் வேர்த்துக்கிட்டே கிடக்கிறேன். தோத்தீங்கன்னா அன்னைக்கே ஃபேன் ஓடும். அஞ்சுல வெப்பேன்."

"அஞ்சா! ரெண்டுல ஆரம்பிக்கலாமே?"

"அஞ்சு."

போட்டியன்று அரங்கத்தின் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்தாயிற்று. கூட்டம் புழுங்கியது. மைத்துனன் விமானம் பத்து நிமிடம் நின்று இறங்கியது. அடுத்து இவருடையது. உத்தரம் வரை ஏறி, அங்கேயே குடித்தனம் நடத்துவதுபோல் சுற்றிச் சுற்றி வந்தது. பத்து நிமிடம் நெருங்கியபோது ஆளுயரத்துக்கு மேலேயே இருந்தது, ரப்பரிலும் முறுக்கு மிச்சம்.

"அத்தான், இந்த வருஷம் உங்களுக்குத்தான்," என்று மைத்துனன் கிசுகிசுத்தான். "அசையாம மட்டும் நில்லுங்க."

அவரும் நின்றிருப்பார். ஆனால் பார்வையாளர் பகுதியின் கடைசி வரிசையில், நிகழ்ச்சி நோட்டீசை மடித்து ஒருத்தி விசிறிக்கொண்டிருந்தாள். அவருடைய மனைவிதான்! அந்தக் காற்று பக்கத்து நாற்காலிக்கே போய்ச் சேராது. அதனால் என்ன? குற்றத்தைக் கண்ட பிறகு கம்மென்று இருப்பது முத்திரை அதிகாரியின் பரம்பரையிலேயே கிடையாது.

"விசிறாதே! விசிறாதேடி!"

சட்டை படபடக்க, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு அரங்கத்தின் நடுவே ஓடினார். ஒரு புயலே கிளம்பியது. விமானம் தடுமாறியது, அவர் பின்னாலேயே இழுபட்டது, வழுக்கைத் தலையில் மெத்தென்று உட்கார்ந்தது.

ஆள்மேல் பட்டால் ஆட்டம் முடிந்தது என்பது விதி. பத்து நிமிடத்துக்குச் சில நொடிகள் குறைவு என்றார் நடுவர்.

"யாரோடது விழுந்தது?" என்று திரும்பினார் இவர்.

"தலையை ஆட்டாதீங்க அத்தான், உடைஞ்சிடும்."

வீடு திரும்பியதும் வழக்கு தொடங்கியது. "எல்லாம் நீ விசிறினதால!"

"நான் விசிறினது என் மூக்குக்கே பத்தல. குறுக்கே ஓடினது யாராம்?"

ஊரையே நிறுத்துப் பார்த்தவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். அவள் சுவிட்சைத் தட்டி ஐந்தில் வைத்தாள். மின்விசிறி முனகியது, தூசியைக் கக்கியது, பிறகு வேகமெடுத்தது. அலமாரிமேல் வரிசையாக வைத்திருந்த விமானங்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பிக் கூடம் முழுக்கச் சுழன்றன. ஒன்றுகூடத் தரையைத் தொடவில்லை.

நெஞ்சில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவரோ அண்ணாந்து, வாயெல்லாம் பல்லாகக் கத்தினார்:

"நேரம் பாருடி! நேரம் பாரு!"

அவள் ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்களே பாத்துக்குங்க."