யாருடைய மானேஜர் மோசம்

எங்கள் மில் கால்பந்து டீமின் மானேஜருக்கு யாராவது சும்மா நிற்பதைக் கண்டால் ஆகாது. அவர் ஸ்பின்னிங் பிரிவில் மேஸ்திரி. மில்லுக்குள் அந்தக் குணம் சரி. மைதானத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பந்து ஒரு மூலையில் இருக்கும், நாங்கள் ஆளுக்கோர் இடத்தில் நிற்போம். அவர் கோட்டுக்கு வெளியே குடையை நீட்டிக் கத்துவார்: "பந்து அங்கன கெடக்கு, நீ ஏம்லே இங்கன நிக்கே? பரிகெத்துரா!" கோபம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்கும் சேர்ந்து வந்துவிடும். ஓடு, ஓடு என்கிறார். எங்கே ஓட?

அது யுத்த காலம். ராஜபாளையத்து மில்லில் எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் பந்தாட்டத்தால்தான் வேலை கிடைத்தது. நான் பேக், தம்பி இடது ஓரத்து ஃபார்வர்டு. ஆட்டத்துக்காக எங்களுக்கு வேலை கொடுத்த மில், ஆட்டமே தெரியாத ஒருவரை ஏன் எங்கள் தலையில் கட்டியது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். அங்கே ஒரு டீம் இருந்தது. சாயந்தரம் ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீமும் ஒரே காப்பி கிளப்பில் உட்காரும். பேச்சு எப்போதும் ஒன்றுதான்: யாருடைய மானேஜர் மோசம்.

அவர்கள் மானேஜர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் லெஃப்ட் ரைட் போட வைப்பார். தண்ணீர் குடிக்க விடமாட்டார்.

"விசில் ஊதுததுக்குள்ள பாதி உசுரு போயிருது. எங்காளுதான் மோசம்" என்பான் அவர்களுடைய சென்டர் ஹாஃப்.

"உங்காளுக்குக் கோல் போஸ்ட் எங்க இருக்குன்னாவது தெரியும்லா" என்பான் தம்பி. "அம்புட்டுத் தெரிஞ்ச ஆளு எங்களுக்கு வாய்ச்சா, நாங்க நித்தம் லெஃப்ட் ரைட் போடுவோம்."

சிரிப்போம். ஆனால் உள்ளுக்குள் எனக்கு எரிச்சல்தான்.

அந்த வருஷம் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும்தான் போட்டி. இரண்டு நாள் முன்னால் தம்பிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நான் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன்.

"வேலைக்கு வந்தானா?"

"வந்தான். நொண்டிக்கிட்டு வந்தான்."

"நடக்கான்லா? நடக்கவன் ஓட மாட்டானா?"

தம்பி ஆடினான். கட்டுப் போட்ட காலோடு முதல் கோலையும் அவன்தான் போட்டான். பிற்பாதியில் பந்தோடு திரும்பினவன் அப்படியே விழுந்தான். அவன் போட்ட சத்தம் எனக்கு மறுகோடியில் கேட்டது. தூக்கிக்கொண்டு வந்தோம். மாற்று ஆள் இறக்குகிற வழக்கம் அப்போது கிடையாது, பத்துப் பேரோடு சமாளிக்க வேண்டும். ஒரு கோல் முன்னால் இருந்தோம், பத்து நிமிஷம்தான் பாக்கி. பின்னால் கட்டி நின்றால் போதும்.

மேஸ்திரி குடையைத் தூக்கினார். எங்கள் கோல்கீப்பரைப் பார்த்து, "அங்க ஒருத்தன் கொறையுதான், நீ கம்பத்துக்கு நடுவுல என்னலே பண்ணுதே? போ முன்னால!" என்றார்.

கோலி அவர் பிரிவில் வேலை பார்ப்பவன். போய்விட்டான்! "போகாதலே, போகாதலே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காலிக் கம்பத்துக்குள் இரண்டு கோல் விழுந்தது.

தம்பியின் காலுக்கு மூங்கில் பத்தை வைத்துத் தன் பட்டாளத்துக் கால்பட்டித் துணியால் சுற்றிக் கட்டியவர் அந்த ஹவில்தார். ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்து, கூட வந்தவரும் அவர்தான். எங்கள் மேஸ்திரி மைதானத்திலேயே நின்று, தோற்றது எப்படி என்று ரெஃபரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்த சென்டர் ஹாஃப் என் பக்கத்தில் வந்து நின்றான். "உங்காளுதான்யா மோசம். இனிமே நான் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றான்.

மறுநாள் மேஸ்திரியை நாலு கேட்டுவிடுவது என்று போனேன். வேலை போனாலும் போகட்டும். முழுவதையும் தலைகுனிந்து கேட்டார். கடைசியில் மெதுவாக, "ஒண்ணு கேக்கட்டுமா? ரெஃபரி அடிக்கடி ஊதி, ஆஃப்சைடுங்காரே. அப்படின்னா என்ன?" என்றார்.

மூன்று வருஷமாக மானேஜர்! எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"யார்ட்டச் சொல்ல? மில்லுப் பெரியவிய கூப்பிட்டு, டீமை நீ பாத்துக்கோன்னாவ. சரின்னுட்டேன்."

மேஜையில் நூல் சுற்றும் பாபின்களை நிறுத்தி ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய?

தம்பி அதற்குப் பிறகு ஆடவில்லை. மேஸ்திரி பேசி அவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை வாங்கிக் கொடுத்தார். அதை மறைக்கக் கூடாது. அவனையே மானேஜராகப் போடுங்கள் என்று நாங்கள் எல்லோரும் ஆபீசில் எழுதிக் கொடுத்தோம். மேஸ்திரிக்குக் கீழே உள்ளவனை அந்த இடத்தில் வைக்க முடியாது என்று பதில் வந்தது. அதனால் நாற்காலியில் மேஸ்திரி உட்காருவார், பக்கத்தில் தரையில் தம்பி காலை நீட்டி உட்காருவான். இவன் சொல்லச் சொல்ல அவர் கத்துவார். மறு வருஷம் கோப்பை எங்களுக்கு வந்தது.

போட்டோ எடுக்கும்போது கோப்பையோடு நடுவில் மேஸ்திரி. தம்பியை யாரும் கூப்பிடவில்லை. அவன் ஆட்டக்காரனும் இல்லை, மானேஜரும் இல்லையாம். நான் போட்டோவில் நிற்கமாட்டேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

தம்பிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "ஒனக்குக் கிறுக்கா அண்ணே? நீ நின்னிருந்தா பெரியம்மாட்டயாவது காட்டியிருப்பேன்லா!" என்று பஸ் வரும்வரை திட்டினான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் விடவில்லை.