அவரைக்கு வேண்டிய இருட்டு

என் மனைவி விட்டுச்சென்றவற்றில் உயிருள்ளவை என்று மாடித் தோட்டத்தையும், ஒரு பழைய மாத்திரை டப்பாவில் இருந்த ஒன்பது அவரை விதைகளையும் மட்டுமே சொல்ல முடியும். வண்டு வராமலிருக்க டப்பாவுக்குள் ஒரு துண்டு வசம்பு போட்டிருந்தாள். மூடியில் ஒட்டிய காகிதத்தில் ‘அண்ணிக்குத் தர’ என்று எழுதியிருந்தது.

அண்ணி என்பவர் அவளுடைய மூத்த அண்ணனின் மனைவி. கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்பில், வீட்டின் பின்புறம் அவர் வளர்த்த கொடியிலிருந்துதான் அந்த விதை பல ஆண்டுகளுக்கு முன் ஜோகுபாளையத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது. விளிம்பில் ஊதா ஓடிய, தட்டையான, விரலில் மணம் ஒட்டிக்கொள்ளும் அவரை. கடைகளில் நான் அதைக் கண்டதில்லை. என் மனைவியின் பிறந்த வீட்டுப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விதை கொடுத்தவருக்கு நன்றி சொல்லக் கூடாது. பதிலுக்கு வேறு பொருளும் தரக் கூடாது. அவர் வீட்டுக் கொடி எந்த ஆண்டு அற்றுப்போகிறதோ, அந்த ஆண்டு அதே விதையை அவருக்குத் திருப்பித் தர வேண்டும். அண்ணன் காலமாகி, அண்ணி வைட்ஃபீல்டில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்ததும் தங்கவயல் கொடி அற்றது. அப்போது என் மனைவியும் நோயில் இருந்தாள். அந்தத் தை மாதத்தில் அவளால் சேர்த்துவைக்க முடிந்தவை அந்த ஒன்பது விதைகளே.

“ஆடியில போட்டு, கொடியிலயே காய விட்டு, அண்ணிக்குக் குடுத்துடணும். சமைச்சு வெச்சிடாதீங்க” என்று படுக்கையிலிருந்து இரண்டு முறை சொன்னாள். வைகாசிக் கடைசியில் இறந்தாள்.

நான் பொறியியல் கல்லூரியில் கட்டமைப்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு விட்டம் எவ்வளவு சுமைக்கு எவ்வளவு வளையும் என்று சொல்ல என்னால் முடியும். அவரை விதையின் எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பது எழுபத்து நான்கு வயது வரை எனக்குத் தெரியாது. விதையின் ஓரத்தில் இருக்கும் வெள்ளைத் தழும்பு கீழ்நோக்க வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஒன்பதில் மூன்றை வண்டு துளைத்திருந்தது. எஞ்சிய ஆறில் நான்கை ஆடி இரண்டாம் வாரத்தில் ஒரு பெரிய தொட்டியில் ஊன்றி, இரண்டைக் காப்பாக வைத்துக்கொண்டேன். ஊன்றியவற்றில் இரண்டு முளைத்தன. முளை மண்ணிலிருந்து வெளிவருவது குனிந்தபடியே என்பதும், வளைந்த தண்டின் முதுகே முதலில் மண்ணை உடைக்கிறது என்பதும் எனக்கு முற்றிலும் புதிய செய்தி. வளைவு பாரத்தைத் தள்ளும் என்று வகுப்பில் வரைந்து காட்டியவன், அதை ஒரு செடி செய்வதைக் கால்மணி நேரம் குந்தியிருந்து பார்த்தேன்.

பந்தலை இரும்புக் குழாயில் அமைத்தேன். அடுத்த வீட்டு மாடியில் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் இருக்கிறார். கன்னடக்காரர், எங்கள் தெருவிலேயே தமிழ் கற்றவர். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி அந்த வேலையை முழுவதும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சார், இது அவரைக்கா, இல்ல பஸ்ஸு நிறுத்தறதுக்கா?”

“கொடி கனக்கும்னு படிச்சேன்.”

“கனக்கும் சார், யாரு இல்லேன்னாங்க. நம்ம டிப்போல கூட இப்படி ஷெட்டு போடல.”

ஆவணியில் மழை சரியாகப் பெய்தது. சில வாரங்கள் அளவுக்கு மிஞ்சியும் பெய்தது. தக்காளிகள் பழுக்கும் முன்பே வெடித்தன. காப்பாக வைத்திருந்த இரண்டு அவரை விதைகளையும் அவசரப்பட்டு அப்போது ஊன்றினேன். இரண்டும் மண்ணிலேயே அழுகின. புடலை, கேட்பாரின்றி, தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பற்றிக்கொண்டு ஏறியது. அதன் பூ சாயங்காலத்தில் விரிவதையும், இதழ் விளிம்பு நூல்நூலாகப் பிரிந்திருப்பதையும் அவள் எனக்குக் காட்டியிருக்கக் கூடும். அப்போதெல்லாம் நான் கீழே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவரையின் நுனிகளில் அசுவினிப் பூச்சி அடைந்தது. எறும்புகள் அதை மேய்க்கின்றன என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். ஓர் எறும்பு அசுவினியின் முதுகைத் தட்டுகிறது. அது ஒரு துளி கொடுக்கிறது. எறும்பு அடுத்ததிடம் போகிறது. அழிக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. பிறகு தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கரிச்சாம்பல் கேட்டேன். “அம்மா கேப்பாங்க, ஒரு டப்பால எடுத்து வெப்பேன்” என்று சொல்லி, வண்டிக்கடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் தந்தார். காலைப் பனி உலர்வதற்கு முன் தூவினேன். அசுவினி அடங்கியது.

புரட்டாசி முடிந்தது. கொடி பந்தலை மூடி, தரையில் நிழல் விழும் அளவுக்கு அடர்ந்தது. பூ மட்டும் இல்லை. ஐப்பசியில் அல்சூர் சந்தையில் அவரைக்காய் குவியத் தொடங்கிய பின்பும் இல்லை.

“ஏன் சார், இந்த வருஷம் சொப்பு மட்டும்தானா?” என்றார் அடுத்த மாடிக்காரர். சொப்பு என்றால் கன்னடத்தில் கீரை.

உரத்தைக் குறைத்தேன். வாழைத்தோல் ஊறிய நீர் விட்டேன். நுனியைக் கிள்ளினேன். ஒரு வாரம் நீரையே குறைத்து, செடி வாடுவதைப் பார்க்க மாட்டாமல் மீண்டும் விட்டேன். ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதினேன். எதற்கும் செடி விடை தரவில்லை. இந்த ஆண்டு விதை எடுக்காவிட்டால் அந்த அவரை முடிந்தது. என் மனைவி கேட்டுக்கொண்ட ஒரே காரியமும் நிறைவேறாது. இரண்டும் ஒன்றுதான் என்பதை நான் ஒவ்வொரு நாளும் அறிந்திருந்தேன்.

கார்த்திகை முதல் வாரத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மூலையில் இரண்டு பூங்கொத்துகள் தோன்றின. அங்கு மட்டும். பகலில் அந்த மூலைக்குத்தான் மிகக் குறைவாக வெயில் விழும். வெயில் நிறைந்த பக்கம் இலையாகவே இருக்க, வெயில் குறைந்த பக்கம் ஏன் பூக்கிறது? பந்தலின் வரைபடம் ஒன்று போட்டு, நிழல் விழும் நேரத்தை மணிக்கொருமுறை குறித்தேன். மூன்று நாட்கள் அந்தப் புதிரோடு இருந்தேன். அந்த மூன்று நாட்களில் வேளைக்குச் சாப்பிட்டிருக்கிறேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

விடை ஒரு வேளாண் பாடநூலில் இருந்தது. இவ்வகை அவரை பகலைக் கொண்டு காலத்தை அறிவதில்லை. இரவின் நீளத்தைக் கொண்டு அறிகிறது. இடையறாத நீண்ட இருட்டு கிடைத்தால்தான் பூக்கும். அந்த வரியைப் படித்தபோதே காரணம் தெரிந்துவிட்டது.

மாசி மாதத்தில் அவளால் நடக்க முடியாமற்போனபோது, மாடியை நோக்கித் திறக்கும் அறையின் சன்னலோரம் கட்டிலைப் போட்டோம். நேரம் கெட்ட நேரத்தில் விழிப்பு வரும். விழித்தால் செடிகளைப் பார்க்க வேண்டும் என்றாள். வெளிச்சுவரில் பெரிய எல்இடி விளக்கு ஒன்றை நானே பொருத்தினேன். தினமும் ஆறு மணிக்குப் போட்டு, விடிந்ததும் அணைப்பேன். வைகாசிக்குப் பிறகும் அதை நிறுத்தவில்லை. காரணம் கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லத்தக்க காரணம் என்னிடம் இல்லை. அதன் வெளிச்சம் பந்தல் முழுவதும் விழுந்தது. தொட்டியின் மறைவில் இருந்த மூலை மட்டும் இருட்டில் இருந்தது.

விளக்கை அணைப்பதே எளிய தீர்வு. அதைச் செய்யாமல் நான் கோணிப்பைகளைத் தைத்தேன். எட்டுப் பைகளைப் பிரித்து ஒரே போர்வையாக்கி, மாலை ஆறு மணிக்குப் பந்தலை மூடுவதும் காலை ஆறு மணிக்கு எடுப்பதுமாக ஒரு முறையை ஏற்படுத்தினேன். அதைக் குறிப்பேட்டில் சோதனை என்று எழுதினேன். விளக்கு சன்னலுக்கு வெளியே வழக்கம்போல எரிந்தது. போர்வையை இழுக்கும்போது இளநுனிகள் முறிந்தன. அவற்றையும் எண்ணி எழுதினேன். பத்தாம் நாள் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று இரவெல்லாம் மழை பெய்தது. நனைந்த கோணியின் கனத்தைக் குழாய்கள் தாங்கின. கொடி தாங்கவில்லை. இரண்டு செடிகளில் ஒன்று அடியிலேயே முறிந்தது. தொட்டி மூலையின் பூக்களும் உதிர்ந்து தரையில் ஒட்டிக் கிடந்தன. எவ்வளவு சுமைக்கு எது முறியும் என்று வாழ்நாளெல்லாம் கணக்கிட்டவனின் பந்தலில் அது நடந்தது.

மறுநாள் மதியம் மெட்ரோவில் அண்ணி வந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். உறவு முறையில் எனக்குத் தங்கை. மாடிக்கு ஏறியதும் ஈரக் கோணியைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னாண்ணா இது, செடிக்குக் கோணி போத்தி வெச்சிருக்கீங்க? குளிருதாமா அதுக்கு?”

இருட்டு பற்றிப் பாடநூல் சொன்னதை விளக்கினேன். முழுவதும் கேட்டார்.

“வெளிச்சம் ஆவாதுன்னா லைட்ட நிறுத்திட்டா முடிஞ்சிச்சி. எவ்ளோ தையலு! கோணி ஊசில கைய வேற குத்திட்டிருக்கீங்க.”

அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு சன்னலையும் உள்ளே மெத்தை இல்லாத கட்டிலையும் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார்.

“அவளுக்குப் போட்டதா?”

“ஆமா.”

சற்று நேரம் முறிந்த கொடியின் இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். “நான் ஒண்ணும் சொல்லலண்ணா. வெதை வந்தா வருது, வரலன்னா போவுது. நான் கேக்க மாட்டேன். அவ என்னைத் திட்டிட்டுப் போவட்டும், உங்கள எதுக்கு?”

அவர் என்னை விடுவித்துவிட்டார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு, அவருடைய விதை. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், என் மனைவி இரண்டு முறை சொன்ன ஒரு வாக்கியத்தைவிட ஒரு விளக்கை நான் பெரிதாகக் கொண்டேன் என்றாகும். அண்ணி இருட்டுவதற்கு முன் புறப்பட்டார். ஆறு மணிக்கு நான் சுவிட்சைத் தொடவில்லை. அன்றைய பக்கத்தில் ‘விளக்கு இல்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

விளக்கு நின்ற இருபத்தாறாம் நாள் காலையில், எஞ்சியிருந்த ஒற்றைச் செடியின் வெயில் பக்கத்தில் மொட்டுகள் தெரிந்தன. மார்கழிப் பனியில் அவை ஊதாவாக விரிந்தன. ஒரு வாரத்தில் எத்தனை கொத்துகள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

“பஸ் ஸ்டாண்டு ஃபுல்லு சார்” என்றார் அடுத்த மாடிக்காரர். காய் திரண்டபோது அவரே சுவர்மேல் ஒரு கிண்ணத்தை வைத்தார். “ஒரு பிடி குடுங்க சார், உப்புமால போட. ஹெண்ட்தி கேக்கறாங்க.” மனைவியைத்தான் சொன்னார்.

“இது வேற ஒருத்தருக்குங்க. கொடியிலயே காயணும்.”

“எல்லாமுமா?”

“எல்லாமும்.”

“அவங்க யாரு சார், ராஜ குடும்பமா?” என்று கிண்ணத்தை எடுக்கப் போனார். அதன்மேல் புடலங்காய் இரண்டை வைத்து அனுப்பினேன்.

மாசியில் நெற்றுகள் பழுப்பாகி, காற்றில் கலகலத்தன. சொல்லியனுப்பியதும் அண்ணி வந்தார். செய்தித்தாளை விரித்து இருவரும் உரித்தோம். முதல் நெற்றை உடைத்ததும் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அடுத்ததை எடுத்தார். இரண்டு கை நிறைய விதை சேர்ந்தது. ஒன்றைக்கூட எடுத்துவைக்காமல் அவர் முன் நகர்த்தினேன். வழக்கப்படி அவரும் நன்றி சொல்லவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

“எங்க போடுவீங்க?” என்று கேட்டேன்.

“பால்கனிலதான். பதினாலாவது மாடில வேற எங்க போடறது?”

“ராத்திரி வெளிச்சம் எப்படி அங்க?”

அவர் கை முடிச்சில் நின்றது. “எதுத்தாப்பல ஆபீஸு. கீழ ரோடு. வீட்டுக்குள்ள லைட்டு போடாம நடு ராத்திரில பேப்பர் படிக்கலாம்ணா.”

இருவரும் முடிச்சைப் பார்த்தோம். விதை திரும்பிவிட்டது, ஆனால் அவர் வீட்டில் அது பூக்காது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

“வேற பக்கம் இல்லையா?”

“பின்னாடி துணி காயப் போடற எடம் ஒண்ணு இருக்குது. அங்க இருட்டுதான். வெயிலு வருதா இல்லியான்னு யாரு பாத்தா?”

“எந்தத் திசை?”

“திசையெல்லாம் எனக்கு எப்படிண்ணா தெரியும்? துணி காயுது. அவ்ளோதான் தெரியும்.”

“எத்தன மணிக்குக் காயுது?”

அவர் சிரித்துவிட்டார். “நீங்களே வந்து பாத்துக்குங்க. ராத்திரி இருட்டையும் பாக்கணும், காலைல வெயிலையும் பாக்கணும்னா தங்கித்தான் ஆவணும்.”

வைகாசிக்குப் பிறகு நான் யார் வீட்டுக்கும் போனதில்லை. ஒரு மாற்று வேட்டியையும் சட்டையையும் எடுத்து மடித்தேன். திசைகாட்டி எங்கே இருக்கிறது என்று தேடியதில் பத்து நிமிடம் போயிற்று. பையில் அளவு நாடாவைப் போடுவதைப் பார்த்துவிட்டு, அண்ணி படியிலிருந்து கேட்டார்.

“டேப்பு எதுக்குண்ணா?”

“எதிர் ஆபீஸ் சன்னல் எந்த உயரத்துல இருக்குன்னு பாக்கணும்.”

“அது ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குது.”

“உங்க பால்கனிலேயே டேப்ப வெச்சு கோணத்த அளந்தா போதும்” என்று சொல்லி, கதவைப் பூட்டினேன்.